மூன்றாவது வினாடி: தெளிவில்லை

1

இந்த மாதம் எனக்குக் கம்பெனியில் ஒரு பின் கொடுத்தார்கள். சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொள்ளும் சின்னப் பித்தளைப் பின். பதினைந்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறேனாம். மேலாளர் கை குலுக்கினார். கேக் வெட்டினார்கள். கேக்கில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. பதினைந்து வருடத்தில் ஓர் எழுத்துதான் பாக்கி என்றால் நல்ல முன்னேற்றம்தான்.

அதே வாரம், அதே அலுவலகத்திலிருந்து, அதே அளவு வெள்ளை உறையில் என் மச்சினன் பிரின்ஸுக்கும் ஒரு கடிதம் வந்தது. அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டு கடிதங்களும் 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்றுதான் தொடங்குகின்றன. கனடாவில் ஆளைத் தூக்கி வைத்தாலும் தூக்கி எறிந்தாலும் முதல் வரி ஒன்றுதான். கடைசிவரை படித்தால்தான் நமக்கு நடந்தது இரண்டில் எது என்று தெரியும்.

பிரின்ஸ் கம்பெனியில் எதையும் திருடவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்ததில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன் கை வைத்த லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றதாக யாரும் புகார் சொன்னதில்லை. அவன் செய்த காரியத்தை விடுமுறையில், சேரன்மகாதேவி ஆற்றங்கரையில், ஒரு பெண் செய்தியாளரிடம் செய்தான். தாமிரபரணிக் கரையில் பேசியதற்கு டொராண்டோ பக்கத்தில் வேலை போகுமா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். போகும். எப்படிப் போனது என்று எழுதுகிறேன். அதில் என் பங்கு என்ன என்பதையும் எழுதியாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுத இவ்வளவு நாளானது.

2

பிரின்ஸ் என் மனைவியின் சித்தி மகன். தச்சநல்லூர்க்காரன். அவனை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான். பரிந்துரைப் படிவத்தில் 'இவர் உங்கள் குடும்ப உறுப்பினரா?' என்று கேட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் விளக்கம்: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர். மனைவியின் சித்தி மகனுக்கு அங்கே கட்டம் இல்லை. நம் ஊரில் சாவு வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் முன்வரிசையில் நிற்க வேண்டிய உறவு, இங்கே உறவே இல்லை. 'இல்லை' என்று டிக் அடித்தேன். பொய் சொல்லவில்லை. அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது.

அவன் சேர்ந்த நாளில் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்ததும் நான்தான். கம்பெனியில் 'மரியாதைக் குழு' என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை கூடி டோனட் சாப்பிட்டு, ஒருவரையொருவர் மதிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுவோம். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு, கேபிள் எண்ணும் எனக்கு அந்தக் குழுவில் ஓர் இடம். கறுத்த ஆள் ஒருவர் போட்டோவில் வேண்டும் என்பது காரணமாக இருக்கலாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வகுப்பின் ஏழாவது பக்கத்தில், வேலை நேரத்துக்கு வெளியே ஒருவர் நடந்துகொள்வதும் கம்பெனியின் பெயரைக் கெடுத்தால் நடவடிக்கை உண்டு என்று இருக்கும். அதைப் படித்துக் காட்டிவிட்டு, "இது சும்மா போட்டுருக்காங்கடே" என்று பிரின்ஸிடம் தமிழில் சொன்னவனும் நான்தான்.

போன விடுமுறைக்கு அவன் தங்கைக்குப் பாளையங்கோட்டையில் கல்யாணம். எங்கள் பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் தனியாக நடமாடாது. படிப்பையும் வேலையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். உபதேசியார் பேரன், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், கூட்டுறவு வங்கி உதவி மேலாளர் என்று வரிசையாக நிற்பார்கள். படிப்பில்லாத மாமா ஒருவருக்குப் பெயருக்குப் பின்னால் 'விவசாயம்' என்றாவது போட்டாக வேண்டும். இல்லையென்றால் அவர் சாப்பிடாமல் போய்விடுவார். பிரின்ஸ் பெயருக்குக் கீழே இரண்டு வரி. பி.இ., சீனியர் டெக்னீஷியன், கம்பெனியின் முழுப் பெயர், கனடா. மண்டப வாசலில் வைத்த பிளெக்ஸிலும் அதே. அவனுக்குப் பக்கத்தில் நான்: தே. சாலமோன், எம்.காம்., ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், கனடா. என் மனைவி கீழே 'திருமதி சாலமோன்' என்று, என் பெயருக்குள்ளேயே அடக்கம்.

3

கல்யாணத்துக்கு மறுநாள் ஆண்களாக இரண்டு கார் நிறைய ஏறி ஆற்றில் குளிக்கப் போனோம். போகிற வழியில் பத்தமடையில் பாய் வாங்கினோம். என் மேலாளருக்கு ஒன்று, மனிதவளத் துறை அம்மையாருக்கு ஒன்று. அந்த அம்மையார் பிற்பாடு கதையில் வருவார். அந்தப் பாயை அவர் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். பாயைச் சுவரில் மாட்டுகிற நாட்டில் எதுவும் நடக்கும் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சேரன்மகாதேவியில் படித்துறைக்கு நாங்கள் இறங்கியபோது அங்கே ஒரு பெண் நின்று பேசிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். செல்போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தாள். கையில் மைக். மைக்கில் உள்ளூர்ச் செய்திச் சேனலின் பெயரைக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தாள். கேமராவுக்கு ஆள் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. அவள் ஸ்கூட்டரின் மேல் ஹெல்மெட்டும் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. ஊர்ச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது, மிதக்கிற அமலைச்செடி தண்ணீரை எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் குளிக்கப்போகிற தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறாள் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிரின்ஸ் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் காதருகே குனிந்து, மைக்கில் விழும்படி ஒன்று கேட்டான். அதை நான் எழுதமாட்டேன். அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றியது என்று மட்டும் சொல்லலாம். இப்படிப் பெண் செய்தியாளர்களின் மைக்கில் போய்க் கத்துவதை அவன் ஊரில் படிக்கவில்லை. கனடாவில், விளையாட்டு மைதான வாசலில் இளைஞர்கள் செய்கிற வேடிக்கை என்று வீடியோக்களில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். சாக்லேட்டோடும் சென்ட் பாட்டிலோடும் அதையும் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறான். நல்ல நெல்லைத் தமிழில் மொழிபெயர்த்தும் விட்டான்.

காரில் வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் பேசுவதை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. செல்போனில் அதுவரை பதிவானதை அழித்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். செய்தி கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலையாக இருந்திருக்க வேண்டும்.

அதோடு முடிந்திருக்கும். அந்த முதல் தடவை இன்றைக்கு எங்குமே இல்லை. அவள் அழித்துவிட்டாள், காற்று கொண்டுபோய்விட்டது. ஆனால் எனக்கு ஒரு குறை. பிரின்ஸ் அதைச் சொல்லும்போது என் செல்போன் பையில் இருந்தது. அதை எடுத்து, கேமராவைத் திறந்து, பதிவைத் தொடங்கி, அவனைப் பார்த்து நான் சொன்னேன்:

"ஏலே, இன்னொரு தடவ சொல்லு. சரியா விழல."

அவன் சொன்னான். சத்தமாகவே சொன்னான். இந்தத் தடவை அவள் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. என் செல்போன் அதையும் பிடித்திருக்கிறது. அவள் மைக்கை அவன் வாய்ப்பக்கம் நீட்டினாள். படித்துறையில் நிற்கிற யாரிடமும் கேட்கிற மாதிரி, வேலைப் பழக்கத்தில் கேட்டாள்.

"ஒங்க பேரு சொல்லுங்க அண்ணாச்சி. எந்த ஊரு, என்ன வேல பாக்கிய?"

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஓடியிருப்பான், இல்லை பொய்ப் பெயர் சொல்லியிருப்பான். எங்கள் ஆள் நிமிர்ந்து நின்றான். ஜெ. பிரின்ஸ், பி.இ., தச்சநல்லூர், இப்போது கனடா, சீனியர் டெக்னீஷியன் என்று சொன்னான். கம்பெனிப் பெயரைச் சொன்னான். அவளுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லியும் கொடுத்தான். பெயரையும் வேலையையும் கேட்டால் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் இருந்தது ஒன்று விடாமல் வந்தது. நான் வீடியோவை நிறுத்தினேன். நாற்பத்தொரு வினாடி. நல்ல தெளிவு.

4

அந்த நாற்பத்தொரு வினாடியைக் கல்யாண வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான்தான். நூற்றுக்கும் மேலே உறவுக்காரர்கள் இருக்கிற குழு. சிரிக்கிற பொம்மை முகங்கள் வந்து குவிந்தன. திருச்சபைச் செயலர் ஒருவர் அதைப் பார்க்காத மாதிரி அன்றைய வேதவசனத்தைப் போட்டார். யாரோ ஒருவர் வேறு குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து எங்கெங்கோ போனது. நாங்கள் கனடாவுக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து, யாரென்றே தெரியாத ஒருவர் அதை எங்கள் கம்பெனியின் முகநூல் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டினார். 'உங்கள் சீனியர் டெக்னீஷியன் என்ன சொல்கிறார் என்று யாராவது மொழிபெயர்த்துப் பார்த்தீர்களா?' என்று கீழே ஒரு வரி.

கம்பெனி பார்க்கவில்லை. மொழி தெரியாது. எனவே என்னைக் கூப்பிட்டார்கள்.

மனிதவள அம்மையாரின் அறை. சுவரில் பத்தமடைப் பாய். கீழே நான். எனக்கும் பிரின்ஸுக்கும் உறவு இல்லை என்று கம்பெனிக் கோப்பிலேயே இருக்கிறது. மேலும் நான் மரியாதைக் குழு உறுப்பினர், தமிழ் தெரிந்தவன். முறையான மொழிபெயர்ப்பாளர் பிறகு வருவார், இப்போதைக்கு விஷயம் என்னவென்று தெரிந்தால் போதும் என்றார். வினாடி வாரியாக ஓர் அட்டவணை கொடுத்தார். இடப்பக்கம் வினாடி, நடுவில் யார் பேசுகிறார், வலப்பக்கம் ஆங்கிலத்தில் என்ன சொன்னார். இந்த நாட்டில் பாவத்துக்கும் அட்டவணை உண்டு.

பிரின்ஸ் சொன்னதை எழுதினேன். எழுதும்போது கூசியது. தமிழில் கேட்டுச் சிரித்த வாக்கியம் ஆங்கிலத்தில், கறுப்பு மையில், என் கையெழுத்தில் கிடந்தபோது அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அம்மையார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தப் பெண் கேட்ட கேள்வியை எழுதினேன். அவன் சொன்ன பதிலை, பி.இ. உட்பட, எழுதினேன்.

மூன்றாவது வினாடி மிச்சம் இருந்தது. வீடியோ தொடங்கியதும் வருகிற குரல். பேசுபவர் என்ற கட்டத்தில் 'அடையாளம் தெரியாதவர்' என்று எழுதினேன். என்ன சொன்னார் என்ற கட்டத்தில் 'தெளிவில்லை' என்று எழுதினேன். அந்த வீடியோவில் அதைவிடத் தெளிவான குரல் வேறு கிடையாது. செல்போனுக்கு மிகப் பக்கத்தில் இருந்த வாய் அதுதான். அம்மையார் என் கையைப் பிடித்து, இது உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், மிக்க நன்றி என்றார். நான் தலையை ஆட்டினேன்.

முறையான மொழிபெயர்ப்பாளர் வரவேயில்லை; விசாரணை நாளிலும் என்னையே கூட இருக்கச் சொன்னார்கள். பிரின்ஸுக்கு எதிரில், அம்மையாருக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி. இரண்டு மணி நேரம் பேசினார்கள். கம்பெனியின் பெயர் எத்தனை பேரிடம் கெட்டது, எந்த வாடிக்கையாளர் கடிதம் எழுதினார், பத்திரிகைக்கு என்ன அறிக்கை கொடுப்பது என்று எல்லாம் பேசினார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கோப்பு முழுதும் அவள் 'பெண் செய்தியாளர்' மட்டும்தான். கம்பெனியின் பெயர் மட்டும் எல்லாப் பக்கத்திலும் முழுதாக இருந்தது.

கடைசியாகக் கேட்டார்கள்: அப்படிச் சொல்லச் சொல்லி யாராவது தூண்டினார்களா? வீடியோ எடுத்தது யார்?

பிரின்ஸ் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூட்டத்தில் யாரோ, முகம் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் செய்தது தப்பு, என் வாயால்தான் செய்தேன் என்றும் சொன்னான். அவனுடைய வேலை அனுமதி இந்தக் கம்பெனியை ஒட்டியது. வேலை போனால் வேறு வேலை தேடக் கொஞ்ச நாள், அப்புறம் விமானம். மனைவியும் இரண்டு வயதுப் பிள்ளையும் தச்சநல்லூரில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். என் பெயரைச் சொன்னால் அவன் வேலை மிஞ்சியிருக்குமா என்று தெரியாது. தூண்டுதல் இருந்தால் எச்சரிக்கையோடு விடலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. அது ஒன்பதாம் பக்கம். அதையும் வகுப்பில் நான் படித்துக் காட்டியிருக்கிறேன்.

5

வேலை போன செய்தி ஊருக்குப் போனதும் நம் ஆட்கள் கொதித்துவிட்டார்கள். ஒரு வார்த்தைக்கு வேலையா, ஆபீஸ் நேரத்திலா சொன்னான், வெள்ளைக்காரனுக்கு நம்மைக் கண்டால் ஆகாது என்று குழு முழுதும் கொதித்தது. வழக்குப் போடச் சொல்லி ஒரு வக்கீல் சித்தப்பா. அந்தப் பெண் எதற்கு ஆற்றங்கரையில் தனியாக நின்றாள் என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் 'அந்நிய தேசத்தில் அநியாயமாக வேலை இழந்த நம் தம்பிக்காக' விண்ணப்பம் ஏறெடுத்தார்களாம். ஆற்றங்கரையில் நின்றவளுக்காக ஏதாவது ஏறெடுத்தார்களா என்று கேட்டேன். அவள் நம் சபை இல்லையே என்றார் என் மைத்துனி.

வேலை நேரத்துக்கு வெளியே செய்ததற்குத் தண்டனை என்பது ஏதோ கனடாக்காரன் கண்டுபிடிப்பு என்று பேசுகிறார்கள். எங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சினிமா பார்க்கிற வாத்தியாருக்கு வேலை இல்லை என்று அந்தக் காலத்தில் எழுதாத சட்டம் இருந்தது. ஒரு சனிக்கிழமை மேட்னி ஷோவுக்கு ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டருக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். யாரோ பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மூன்று மாதம் சம்பள உயர்வு நின்றது. வேதக்கோயிலில் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அந்த ஓலையில் கையெழுத்துப் போட்டவர் தலைமை ஆசிரியர். சனிக்கிழமை தியேட்டரில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வறுகடலை தின்றவரும் அவர்தான். டிக்கெட் எடுத்ததே அவராம். அப்பா தன் விளக்கத்தில் 'நான் தனியே சென்றேன்' என்று எழுதினார். பல வருடம் கழித்து இதைச் சொல்லும்போது அப்பா வருத்தமே படவில்லை. தலைமை ஆசிரியர் அதற்குப் பிறகு தன்னைப் பார்க்கும்போதெல்லாம் சாலையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார் என்று சொல்லித்தான் அப்பா சிரிப்பார். "பாவம் மனுசன், ரோட்டுல நடக்கவே கஷ்டப்பட்டாரு" என்பார்.

நான் அந்தக் கதையை எத்தனையோ விருந்தில் சொல்லியிருக்கிறேன். எல்லாத் தடவையும் என்னை அப்பா பக்கத்தில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பித்தளைப் பின்னை வாங்கிய வாரம் ஸ்டோர்ஸில் ஒரு ரேக்குக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பிரின்ஸ் தன் கருவிகளை ஒப்படைக்க வந்திருந்தான். அவன் போகட்டும் என்று காத்திருந்தேன். ஏற்கெனவே எண்ணிய போல்ட்டுகளை மறுபடி எண்ணினேன். அப்போதுதான் நான் யாருடைய இடத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதற்குமேல் அதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

6

என் மகள் ஜெனிக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பேச வராது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். உண்மையில் எங்களோடு பேச அவளுக்கு விஷயம் குறைந்துகொண்டே வந்தது, மொழிமேல் பழியைப் போட்டோம். சாப்பாட்டு மேசையில் செல்போன், அதற்குப் பின்னால் முகம். 'சாப்டியா', 'சாப்ட்டேன்' என்பதுதான் எங்கள் உரையாடல். அதில் ஒரு நாள் 'சாப்டல' என்று வந்தால் எனக்குப் பரபரப்பாகிவிடும்.

அந்த வீடியோ அவளிடமும் போயிருக்கிறது. பள்ளித் தோழி ஒருத்தி, இது உங்கள் ஊரா என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து, செல்போனை மேசையில் வைத்து முதல் ஐந்து வினாடியை ஓடவிட்டாள். நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள்.

"அப்பா, இது நீங்கதான்."

நான் ரசத்தைப் பார்த்தேன். சத்தம் சரியாகக் கேட்கவில்லையே என்றேன். அம்மையாரிடம் செல்லுபடியானது இங்கேயும் செல்லும் என்று நினைத்தேன்.

"பிறந்த நாளுக்குக் கேக் வெட்டறப்ப எனக்கும் இதேதான் சொல்லுவீங்க. இன்னொரு தடவ ஊது, சரியா விழலன்னு." அவள் குரல் உயரவில்லை. "எனக்குத் தமிழ் வராதுன்னு சொல்லுவீங்க. இது எனக்கு வரும்."

எத்தனை பிறந்த நாள், எத்தனை மெழுகுவர்த்தி. நான் சரியாகப் பிடிக்காததால் திரும்பத் திரும்ப ஊதவைத்த பிள்ளை. பதினேழு வருடத்தில் என்னிடமிருந்து அவள் முழுதாகக் கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. அதையா நான் அந்தப் படித்துறையில் செலவழித்தேன் என்று நினைத்துத் தட்டைத் தள்ளிவைத்தேன். ஆமாம், நான்தான் என்றேன். பிரின்ஸ் மாமா ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் நல்லவன் என்றேன். அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிக் கத்துகிறவர் நல்லவர் இல்லை, உங்களைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் மகளுக்கு அளவுகள் துல்லியமாக வரும்.

7

அவள் எனக்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தாள். அந்தச் செய்திச் சேனலின் பக்கத்தைத் தேடிப்பிடித்து, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில், தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் என் குடும்பத்து ஆட்கள் என்று எழுதியிருந்தாள். வேறெதுவும் எழுதவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. குரல் செய்தி. ஜெனி அதை மேசைமேல் வைத்து எனக்கும் கேட்கவைத்தாள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரிந்தது. இசக்கியம்மாள். சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலைக்குப் போகிற வீடு. அந்த வீட்டில் முதலில் படித்தவள். அந்த வீடியோ பரவிய பிறகு, இந்த வேலை வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் அவள் எதிரிலேயே அதைப் போட்டுப் பார்க்கிறார்களாம். அவள் மைக்கைக் கீழே வைக்கவில்லை. இதையெல்லாம் புலம்பலாக இல்லாமல், செய்தி வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. எங்கேயோ வேலையில் நின்றுகொண்டுதான் பேசினாள். கடைசியில் சொன்னது இதுதான்:

"நீ மன்னிப்புக் கேக்காண்டாம்மா, நீ ஒண்ணுஞ் செய்யலல்லா. அந்தச் செய்திய அன்னைக்கே முடிச்சு அனுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பேசுனவரு பேரு, ஊரு, வேல எல்லாம் அவரே சொல்லிட்டாரு. இன்னொரு தடவ சொல்லுன்னாரே ஒரு அண்ணாச்சி, அவரு யாருன்னுதான் தெரியல. எனக்கு அவரு சத்தந்தான் இன்னும் காதுல கெடக்கு. அவரு பேரு என்ன, எந்த ஊரு, என்ன வேல பாக்காரு? ஒனக்குத் தெரிஞ்சாச் சொல்லு."

தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படித்துறையில் கேட்ட அதே மூன்று கேள்வி. எதிரில் நின்று பிரின்ஸ் பதில் சொன்னபோது, செல்போனுக்குப் பின்னால் இருந்ததால் என்னைக் கேட்க ஆளில்லை. இப்போது கேட்டாகிவிட்டது.

ஜெனி பதில் தட்டவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை எடுத்தேன். அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்றாவது வினாடி: பேசுபவர், தே. சாலமோன். சொன்னது: 'ஏலே, இன்னொரு தடவ சொல்லு. சரியா விழல.' அதற்கு ஆங்கிலம் எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு தெளிவான வாக்கியம். வீடியோ எடுத்ததும் பரப்பியதும் நான்தான், பிரின்ஸ் எனக்கு மச்சினன், படிவத்தில் கட்டம் இல்லாததை நான் சாக்காக எடுத்துக்கொண்டேன், ஒன்பதாம் பக்கத்தை மறுபடி பார்க்கவும் என்று எழுதி முடித்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கால் மணியில் பதில் வந்தது. 'நேர்மையான பங்களிப்புக்கு நன்றி' என்று தொடங்கியது. முழுதும் படித்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுமா என்பதை முன்கூட்டியே தெரிவிக்கவும். பிரின்ஸ் விஷயத்தைப் பற்றி ஒரு வரி: பரிசீலிக்கப்படும். அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "என்னத்துக்கு அத்தான் இதெல்லாம்" என்றான்.

மேசைக்குத் திரும்பி வந்தேன். ஜெனி அதே இடத்தில் இருந்தாள். என்ன எழுதட்டும் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தே. சாலமோன், எம்.காம். என் பெயரில் ஓர் எழுத்தும் விடவில்லை. சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்போது கனடா.

"வேல என்னப்பா?"

"வியாழக்கெழம வரைக்கும் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர்னு போடும்மா."